தவளை மருந்து

ஆய்வுக்கூடத்தில் அக்கா தவளையின் முதுகில் கம்பியை வைத்து லேசாக மின்சாரம் கொடுத்ததும் அதன் தோலில் வெள்ளையாக ஒரு பசை கசியத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி மனைவியின் போன் வந்தது.

"அவர் போய்ட்டார் அண்ணி."

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தவளையைக் கழுவினாள். கழுவிய நீரைப் பிடித்து ஐஸில் வைத்தாள். பாதியில் விட்டால் தவளையும் வீண், சரக்கும் வீண். தவளையை அதன் பெட்டியில் விட்டு, மேலே தேதி எழுதினாள். தோலில் மறுபடி ஊறும்வரை, இனி மூன்று வாரம் அந்தத் தவளையைத் தொடக்கூடாது. கூடப் பிறந்தவன் செத்த சேதியைக் கேட்டும் கை இத்தனை ஒழுங்காக வேலை செய்கிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பஸ்ஸில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, தன் வாயின்மேல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை பாவம், வாயே திறக்கவில்லை. திறந்தது அவள்தான். ஆய்வுக்கூடத்தில் புழு போட்டுத் தொட்டி கழுவுகிறவளுக்கு வீட்டில் என்ன மதிப்பு? "எங்கக்கா தவளைக்கு ஆயா வேலை பாக்குறா" என்று தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்த ரோஷத்தில் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்.

"சிரிக்காதடா. அது தோல்ல வர்ற சரக்கை ஒரு சொட்டு விட்டா கிருமி சாகுது. கேன்சர் செல்லு கூட வெடிச்சுப் போகுது. நானே கண்ணால பாத்தேன்."

அடுத்த வருஷமே தம்பியின் குடலில் கட்டி.

"அக்கா, அந்த மருந்து…"

"அது மருந்தில்லடா. கண்ணாடித் தட்டுல நடக்குறதெல்லாம் உடம்புல நடக்குமா? குடிச்சா சோறு மாதிரி செரிச்சுடும். ஊசியா போட்டா நல்ல ரத்தத்தையும் சேத்து உடைக்கும். எலிக்குக் கூட இன்னும் போட்டுப் பாக்கல."

"எலிக்குப் போடும்போது பக்கத்துல நானும் வந்து படுத்துக்கறேன்."

முதலில் கேலியாகத்தான் கேட்டான். பிறகு கேலி போய்விட்டது. "எனக்குக் குடுக்க மனசு வரல இல்ல?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், நாற்பது நாள் அவளோடு பேசவில்லை.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, ஆய்வுக்கூடத்துப் பழுப்புப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வேளைக்கு ஒரு ஸ்பூன். யாருக்கும் சொல்லாத." தம்பி முகர்ந்து பார்த்து, "தவளை வாடை அடிக்குதுக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் மூன்று பாட்டில் கொண்டுபோனாள்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டான் என்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. அவன் மனைவி சமையலறையில் இருந்த நேரம் பார்த்து அக்கா அவனிடம் உண்மையைச் சொன்னாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"உங்க ஆய்வுக்கூடத்துப் பெரிய டாக்டர் மிரட்டிட்டாரா? அதான் பொய் சொல்ற" என்றான் தம்பி. அதோடு அவள் பாட்டில் கொண்டுபோவதை நிறுத்தினாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கிப் போனபோது, தம்பி வீட்டுக் கூடத்து நடுவே அவனைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு பாட்டில் குடுத்திருந்தா இருந்திருப்பார் அண்ணி. கடைசில அரை ஸ்பூன் அரை ஸ்பூனா குடிச்சார். எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். யாரோ "கல்நெஞ்சக்காரி" என்றது காதில் விழுந்தது. அவள் காதில் விழாததுபோலத் தம்பியின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கல்நெஞ்சக்காரி என்ற பெயர், தம்பியைக் கொன்றவள் என்ற பெயரைவிட எவ்வளவோ தேவலை.

மாடிவீட்டுத் தையல்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "சாவு வீட்ல கேக்கக் கூடாதுதான். எங்க வீட்டம்மாவுக்கு மார்ல கட்டி. வர்ற வாரம் ஆபரேஷன். பயந்து நடுங்குறா. அந்த மருந்து கிடைச்சா ஆபரேஷனே வேண்டாங்குறா."

அக்கா வாய் திறப்பதற்குள் தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்ப் பாட்டிலும் கையுமாக வந்தாள். "கால்வாசி இருக்கு. அவருக்குத்தான் குடுத்து வைக்கல. உங்களுக்காவது ஆகட்டும்."

தையல்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. சும்மா இருந்தால் போதும். அவர் படியேறிப் போய்விடுவார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் அக்கா. "அது மருந்தில்ல. நான் வீட்டு அடுப்புல காய்ச்சின உப்புத்தண்ணி. தவளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்களக் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன பண்ணிடுங்க."

தையல்காரர் பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் படியேறினார்.

தம்பி மனைவி பாட்டிலைத் திறந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தாள்.

"நாலு மாசம் நான்தான் ஊத்திக் குடுத்தேன்" என்றாள். "ஒருநாள்கூட ருசி பாக்கல அண்ணி. ஒரு சொட்டு வீணாயிடக் கூடாதுன்னு."

பிறகு மூடியை எடுத்து, சிந்தாமல், வழக்கம்போல இறுக்கி மூடினாள்.