வேண்டுமென்றே தோற்ற பரீட்சை

கோடையில், ஹெல்மெட் மாட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி அணிப் பையன்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. டாக்டர் பத்து வார்த்தை சொல்வார்; திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி கேட்டு, கோடை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் விவரமான பையன்கள் கோடையிலேயே தப்புத் தப்பாகச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

கீஷானுக்கு அந்த வித்தை வரவில்லை. கற்பூர புத்திக்காரன். அக்கா லவோன்தான் சமையலறை மேசையில் உட்காரவைத்துப் பழக்கினாள். பள்ளிப் பேருந்து ஓட்டி, அம்மா இல்லாத அவனை ஆளாக்கியவள்.

"பத்தையும் ஒப்பிக்கிறியேடா மடையா! நாலோட நிறுத்து."

"வாய் தானா சொல்லிடுதுக்கா."

"பொறந்ததிலேருந்து இப்பத்தான் உன்னை ஃபெயிலாகச் சொல்றேன். அதுக்கும் துப்பில்ல!"

இருவரும் புரையேறச் சிரித்தார்கள். பரீட்சையில் நாலோடு நிறுத்திவிட்டு வந்தான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பந்தோடு ஓடியவனைத் துரத்திக்கொண்டிருந்தான் கீஷான். எதிரணிக்காரன் ஒருவன் அவன் பார்க்காத பக்கமிருந்து வந்தான். கையால் மறித்திருந்தால் போதும். தோளை இறக்கித் தாடையில் மோதினான். அந்தச் சத்தம் மேல் வரிசையில் இருந்த லவோனுக்கே கேட்டது. நடுவர் மஞ்சள் துணியை வீசினார். பதினைந்து கெஜம் அபராதம், அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

மறுபடி பத்து வார்த்தை கேட்க மைதானத்தோரக் கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து ஹெல்மெட்டை உயர்த்திக் காட்டினான். அரங்கமே அதிர்ந்தது. லவோனும் கை வலிக்கத் தட்டினாள்.

மைதானத்துக்குள் போனவன் நேராக, எதிரணி கூடித் திட்டம் பேசும் வட்டத்துக்குள் நுழைந்து, அவர்களோடு குனிந்து நின்றான். கூட்டம் சிரித்தது.

"குசும்பைப் பாத்தியா அவனுக்கு!" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அது குசும்பில்லை என்று லவோனுக்குத் தெரிந்தது. எழுந்தாள். கீழே ஓடிப்போய்க் கம்பியோரம் நின்று ஒரு கத்துக் கத்தினால் போதும். ஆனால் அன்று பெரிய அணிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று உட்கார்ந்துவிட்டாள். பாவி, உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மோதல் பெரியதுகூட இல்லை. பயிற்சியில் அன்றாடம் வாங்குகிற இடிதான். கீஷான் எழுந்திருக்கவில்லை.

மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்து நாலைந்து நாள் கழிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அணி டாக்டரிடம் லவோன் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் டாக்டர். அவனுக்குப் பத்தும் வரும். நான்தான் நாலோட நிறுத்தச் சொன்னேன்."

திட்டுவார், அடித்தால்கூடத் தேவலை என்று நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதிப் பசங்க அப்படித்தாம்மா பண்றாங்க. எங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா உள்ள விட்டீங்க?"

கேட்டபிறகுதான் அந்தக் கேள்வி தன்னையும் சேர்த்துத்தான் என்று உறைத்தது. பதிலுக்கு நிற்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

கீஷான் விழித்திருந்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். வளர்த்த பிள்ளையல்லவா, மரியாதை மட்டும் எங்கேயும் போகவில்லை.

"மேடம், எங்க அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா? பக்குவமா சொல்லுங்க. ரொம்பப் பயந்துக்குவா."

லவோன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியாச்சுப்பா," என்றாள். "வந்துக்கிட்டே இருக்கா."