சாணி வண்டு வேஷம்

"ஏ அன்பு, உன்ற பொண்ணு இன்னைக்குச் சாணி உருட்டுறாளாமே!"

தறிச் சத்தத்துக்கு மேல பக்கத்துத் தறி மோகனப்பிரியா இப்படிக் கத்துனதும் எனக்குச் சுர்ருனு ஏறிப்போச்சு. மறுபடியும் சொல்லுடின்னேன். அவ சிரிச்சுக்கிட்டே சொல்றா. பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சியாம். காட்டுல எது எதைத் தின்னு பொழைக்குதுன்னு ஏழாவது பிள்ளைக வேஷம் போட்டுக் காட்டுறாங்களாம். அவ பையனுக்கு மைனாவாம். எங்க மொதலாளி நஞ்சுண்டன் பையன் சரவணனுக்குப் புலியாம். என்ற பொண்ணு இளவேனிலுக்குச் சாணி வண்டாம்.

"புலி மொதலாளி ஊட்டுக்கு, சாணி எங்க ஊட்டுக்கா?"

"என்னையக் கேட்டா? நானா குடுத்தேன்? டீச்சரப் போய்க் கேளு."

கேக்காம விடுவனா! தறியை நிறுத்திப்போட்டு, தலையில ஒட்டுன பஞ்சைக்கூடத் தட்டாம வெளிய வந்துட்டேன். மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டுப் போலாம்னா அவரு அங்கதான் போயிருக்காரு, புலியைப் பாக்க.

அப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. போன வாரம் இளவேனில் கிழிஞ்ச கொடையிலிருந்து கருப்புத் துணியை வெட்டி எடுத்துக்கிட்டா. ஏதோ வேஷம்னா, கரடியா இருக்கும்னு நெனச்சேன். சரவணனோட பழைய பந்து ஒண்ணு கொண்டாந்து அதுமேல காவிக்கலர் துணியைச் சுத்தித் தெச்சா. எதுக்கு கண்ணுன்னதுக்கு, "சஸ்பென்ஸும்மா"ன்னா. தறியில கழிவு நூல் வேணும், டீச்சர் கேட்டாங்கன்னு சொன்னா. நான் மொதலாளிகிட்டக் கேட்டு, நல்ல நூலாப் பாத்து ஒரு கோன் சுத்திக் குடுத்தேன். காலையில போறப்ப, "நீ வர வேண்டாம்மா, உனக்கு வேலையிருக்குமில்ல"ன்னு வேற சொல்லிப்போட்டுப் போனா. கள்ளி! நான் வந்தா சண்டை போடுவேன்னு தெரிஞ்சே சொல்லியிருக்கா.

நடந்துக்கிட்டே என்ற ஊட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஆறுச்சாமி சூலூர் பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுறாரு. விசயத்தைக் கேட்டுப்போட்டு, "வண்டுதான அம்மணி, உட்டுத் தள்ளு"ன்னாரு. சவாரி வந்துருச்சுன்னு போனை வெச்சுட்டாரு. அவருக்கென்ன, அவரு ஆட்டோக்காரர் மகன். சாணிக்கூடை அவரு தலையில ஏறுனதே கிடையாது.

என்ற தலையில ஏறியிருக்குதுங்க. அப்ப இளவேனில் வயசுதான் எனக்கு. அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு எங்கம்மாகூடப் போவேன். கட்டுத்தரையில மாடு போட்டதை எல்லாம் கையால வழிச்சுக் கூடையில நெறைச்சு, தலையில தூக்கி, குப்பைக்குழியில கொண்டுபோய்க் கொட்டணும். மழைக்காலத்துல கூடை ஒழுகி நெத்தியில எறங்கும். என்னதான் தேச்சுக் குளிச்சுப்போட்டுப் போனாலும், பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காரற புள்ளைக மூக்கைப் பொத்திக்கிட்டு அக்கட்டால நகரும். எங்க தெருவு, எங்க வளவுல பொறந்த எல்லாப் புள்ளைக்கும் அதே கூடைதான். எட்டாவதோட நான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டேன். இளவேனில் பொறந்தன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன், இந்தக் கை சாணி தொடக் கூடாதுன்னு. இப்ப என்னடான்னா பள்ளிக்கூடமே கூப்பிட்டு வெச்சு உருட்டச் சொல்லுது. வயிறு எரியாதா?

பள்ளிக்கூடக் கேட்டுக்குள்ள போறப்பவே கத்திக்கிட்டுத்தான் போனேன். ஆனா உள்ள இருந்த கூச்சல்ல என்ற கூச்சல் ஒருத்தருக்கும் கேக்கல.

மைதானத்துல வேப்பமரத்துக்கடியில பிள்ளைக வட்டமா நிக்குது. அட, அட, என்ன வேஷமுங்க! பழைய பைப்பைத் தும்பிக்கையாக் கட்டிக்கிட்டு ஒரு யானை. கொம்பு வெச்ச காட்டெருமை ஒண்ணு, கடமான் ஒண்ணு, பன்னி ஒண்ணு. வாலை முறுக்கிக்கிட்டு ஒரு குரங்கு. பச்சைப் பாவாடை கட்டுன புல்லு, பக்கத்துல மரம், ஓணான், ஆந்தை. உடம்பெல்லாம் செம்மண்ணைப் பூசிக்கிட்டு ஒருத்தன் மண்ணாவே நிக்கிறான். அவங்கம்மா ராத்திரி அவனை எப்படித்தான் குளிப்பாட்டுவாளோ! நடுவுல பொற்கொடி டீச்சர் கையில என்ற நூல் கோனை வெச்சுக்கிட்டு இங்குட்டும் அங்குட்டும் ஓடுறாங்க.

"கடமானை யார் திம்பா?"

"புலி!"

டீச்சர் கடமான் கையிலிருந்து புலி கைக்கு நூலைக் கொண்டுபோனாங்க.

"கடமான் எதைத் திங்கும்?"

"புல்லு!"

அங்க ஒரு நூல். "கடமான் சாணி போட்டா?"

"வண்டு! வண்டு!"ன்னு அத்தனையும் கத்துது. அங்க ஒரு நூல் போச்சு.

அங்கதான் என்ற பொண்ணு. கொடைத்துணியை ரெக்கையாக் கட்டிக்கிட்டு, காலுக்கடியில சாணிப்பந்தை வெச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் நூலைச் சுத்திக்கிட்டு நிக்கிறா. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. அவளுக்கு எதுத்தாப்புல சரவணன், கடையில வாங்குன புலி டிரஸ், மீசை, வாலு. பெத்தவங்களுக்குப் போட்ட நாற்காலியில மொத ஆளா நஞ்சுண்டன் உக்காந்து செல்போன்ல படம் புடிக்கிறாரு. அதைப் பாத்ததும் மறுபடியும் எனக்கு ஏறிக்கிச்சு.

"நிறுத்துங்க டீச்சர்!"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "ஏனுங் டீச்சர், சாணிக்கு எங்க வளவுப் பொண்ணுதான் கெடச்சாளா? புலிக்கு மட்டும் மொதலாளி ஊட்டுப் பையனா? படிச்சவங்கதானுங்களே நீங்க?"

டீச்சர் பாவம், கோனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. "அம்மா, நான் யாருக்கும் எதையும் குடுக்கலீங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அவங்கவங்களே எடுத்தாங்க."

"சீட்டா? சீட்டு அப்படியே பாத்துப் பாத்து வந்துச்சாக்கும்?"

அப்பத்தான் சரவணன் மீசையை நீக்கிப்போட்டுச் சொன்னான். "இல்லீங்க அத்தை, எனக்கு வண்டுதான் வந்துச்சு. புலி இளவேனிலுக்கு வந்துச்சு."

எனக்குக் காது ரெண்டும் கொதிக்குது. புலி எங்களுக்கு வந்திருக்குது! வந்த புலியைப் புடுங்கிக்கிட்டாங்க!

"கேட்டீங்களாங்க மொதலாளி? சீட்டுல வந்ததைக்கூட எங்ககிட்ட உட்டு வெக்க மாட்டீங்களா?"

நஞ்சுண்டன் எந்திரிச்சு நின்னுக்கிட்டு முழிக்கிறாரு. "அன்பு, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவன் புலின்னான், நான் டிரஸ் வாங்கிக் குடுத்தேன். ஏம்மா, தறி ஓடுதா அங்க?"

"நின்னுபோச்சுங்க!"ன்னேன். நேரா வட்டத்துக்குள்ள போய் இளவேனில் கையைப் புடிச்சேன். "வா ஊட்டுக்கு!"

"அம்மா, வேண்டாம்மா! இழுக்காத! நூலு!"

எந்த நூலைப் பாத்தேன் நான்? வெசையா ஒரே இழுப்பு.

ஐயோ, அதுக்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்றது! நான் இழுத்தது என்ற பொண்ணைத்தானுங்க. ஆனா யானை தும்பிக்கையோட முன்னால வந்து உழுந்துச்சு. காட்டெருமையும் கடமானும் மண்டையோட மண்டை முட்டிக்குச்சு. குரங்கு குப்புற, புல்லு மல்லாக்க. செம்மண்ணுக்காரன் உருண்டு போய் மைனா காலை வாரிவிட்டான். அந்தப் பக்கம் கடையில வாங்குன புலி, வாலு தனியா நூல் தனியாத் தரையில கெடக்குது. பட்டு பட்டுனு நாலஞ்சு நூல் அந்துபோச்சு. நான் பயந்துபோய்க் கையை உட்டுட்டேன். யாருக்காச்சும் அடிகிடி பட்டுருச்சோன்னு ஒவ்வொருத்தராப் பாக்குறேன்.

மொதல்ல சிரிச்சது யானை. அப்புறம் மொத்த வட்டமும் சிரிச்சுது. பொற்கொடி டீச்சர் குதிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. நெசமாத்தாங்க, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் குதிக்கிறாங்க.

"யாரும் எந்திரிக்காதீங்க! உழுந்த எடத்துலயே இருங்க! வண்டை இழுத்தப்ப யார் யார் கையில நூல் இழுத்துச்சு? கையைத் தூக்குங்க!"

ஒரு கை பாக்கியில்லாம எல்லாக் கையும் மேல போச்சு. புலி கையும்தான்.

"பாத்தீங்களா! இதைக் காட்டணும்னுதான் இத்தனை நாளா மண்டையை ஒடச்சுக்கிட்டேன். வண்டு போனா சாணி அங்கங்க காஞ்சு கெடக்கும். மண்ணுக்குள்ள போகாது. மண்ணு கெட்டா புல்லு ஏது, மானு ஏது, புலி ஏது? அம்மா, நீங்க ஒரே இழுப்புல காட்டிப்போட்டீங்க!"

எனக்கு அதெல்லாம் எங்க ஏறுது? என்ற பொண்ணு அழுதுக்கிட்டு நிக்கிறா. வலியில அழுவல, கோவத்துல அழுவுறா. என்ற கோவந்தான அவளுக்கும் வரும்!

"உன்னைய யாரும்மா வரச் சொன்னா? யாரும் எங்கிட்டப் புடுங்கல. நான்தான் சரவணன்கிட்டக் கெஞ்சி மாத்திக்கிட்டேன். அவன் மொதல்ல முடியாதுன்னான். புலியையும் குடுத்து, மேல ரெண்டு தேன்மிட்டாயும் குடுத்து இந்த வண்டை வாங்குனேன்!"

"கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு? புலியைக் குடுத்து யாராச்சும் சாணியை வாங்குவாங்களா?"

"புலிக்குக் கையில நாலே நாலு நூலும்மா! கடமான், காட்டெருமை, பன்னி. மிச்சம் ஒண்ணு எங்கிட்டத்தான் வருது, புலியும் ஆய் போகுமில்ல?"

பிள்ளைக ஓன்னு சிரிச்சாங்க. சரவணன் மட்டும் சிரிக்கல.

அவ நிறுத்தல. "எங்கிட்டப் பாரு! யானை, எருமை, மானு, குரங்கு எல்லாம் எனக்குச் சாணி தருது. நான் புதைக்கிற சாணியில வெதை இருக்கும், அதுனால மரம் எங்கிட்ட, புல்லு எங்கிட்ட, மண்ணு எங்கிட்ட. ஓணானும் மைனாவும் ஆந்தையும் என்னையத் திங்கும். எனக்குக் கையே பத்தலம்மா. சீட்டு எடுத்த அன்னைக்கே டீச்சர் போர்டுல கோடு போட்டாங்க. எல்லாக் கோடும் வண்டுக்குத்தான் வந்துச்சு. அதைப் பாத்துப்போட்டு நான் புலியா நிப்பனா?"

"நான் அள்ளுனது பத்தாதா கண்ணு?" அத்தனை பேருக்கு முன்னாலயும் சொல்லிப்போட்டேன். "உன்ற வயசுல இந்தத் தலையில சாணிக்கூடை வெச்சிருந்தேன். மூக்கைப் பொத்துவாங்க தெரியுமா?"

இளவேனில் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "தெரியும்மா. நீ சொல்லியிருக்க. நீ அள்ளலைன்னா அந்தத் தோட்டத்துல ஒண்ணும் வெளைஞ்சிருக்காதும்மா. அதை யாருமே உங்கிட்டச் சொல்லலையா?"

யாரும் சொல்லலீங்க. சொல்லியிருந்தாலும் கூடை கனம் கொறைஞ்சிருக்காது, அதையும் சொல்லிக்கிறேன். சும்மா பெருமை பேசிக் கூடையைத் தலையில ஏத்துற சோலியெல்லாம் எங்கிட்ட ஆகாது. ஆனா அவளைப் பாத்துக்கிட்டே நிக்கிறப்ப எனக்கு வேற ஒண்ணு ஒறைச்சுது. எனக்கு யாருங்க சீட்டுக் குலுக்கிப் போட்டா? பொறந்தப்பவே கூடையைக் கையில குடுத்துட்டாங்க. வேண்டாம்னு சொல்ல வாயும் இல்ல, மாத்திக்க ஆளும் இல்ல. என்ற பொண்ணு கையில புலி வந்துச்சு. அதை வெச்சு அவ வேணுங்கறதை வாங்கிக்கிட்டா.

கோவம் எங்க போச்சுன்னே தெரியல. அழுகையும் சிரிப்பும் சேந்தாப்புல வந்துருச்சு.

"நெசச் சாணிக்கூடையைத் தொட்டீன்னு வெய்யி, கையை ஒடிச்சுப்போடுவேன்"னேன். "இது பந்துதான. உருட்டு."

"நூலு அந்துபோச்சேம்மா."

"அந்தா என்ன? தறிக்காரி எதுக்கு நிக்கிறேன்?"

அந்த நுனிகளை ஒவ்வொண்ணாத் தேடி எடுத்தேன். தறியில நூல் அந்தா போடுற முடிச்சுதான், கண்ணை மூடிக்கிட்டே போடுவேன். யானை நூலை என்ற பொண்ணு வெரல்ல சேத்துக் கட்டுனேன். குரங்கோடதைக் கட்டுனேன். புல்லோடது, மண்ணோடது. கடைசியில புலி நூலு. சரவணன் அந்த நுனியைக் கையில வெச்சுக்கிட்டுக் குடுக்காம நிக்கிறான்.

"இளவேனில், புலியை நீயே வெச்சுக்க. மீசையும் தரேன். எனக்கு வண்டைத் திருப்பிக் குடு."

"தர மாட்டேன் போ!"

"தேன்மிட்டாயைத் திருப்பித் தரேன்."

"தின்னுபோட்டீல்ல!"

நஞ்சுண்டன் செல்போனை எறக்கிப்போட்டு, "டேய், குடுத்தது குடுத்ததுதான்டா, நில்லு கம்முனு"ன்னாரு. நானும் புலி நூலை வாங்கி என்ற பொண்ணு கையில கட்டிப்போட்டு, வட்டத்தை விட்டு வெளிய வந்தேன்.

"அம்மா, இருந்து பாத்துட்டுப் போங்க"ன்னு டீச்சர் நாற்காலி போட்டாங்க. மொத வரிசையில, மொதலாளிக்குப் பக்கத்துல. அவரும் நகரல, நானும் தயங்கல. உக்காந்து முழுசாப் பாத்துப்போட்டுத்தான் வந்தேன். வண்டு கண்ணை மூடிச் செத்த மாதிரி உக்காந்தப்ப, யானையிலிருந்து புலி வரைக்கும் நூல் இழுக்க இழுக்க ஒவ்வொண்ணா உக்காந்துச்சு. மைதானமே தரையில கெடந்துச்சு. கைதட்டிக் கைதட்டி எனக்கு உள்ளங்கை செவந்துபோச்சு.

மத்தியானம் தறிக்குத் திரும்பி வந்தேன். மோகனப்பிரியா வேகமா ஓடியாந்தா.

"சண்டை போட்டியா? கேட்டியா? உன்ற பொண்ணுக்குப் புலி குடுத்தாங்களா?"

நான் தறியை ஓட்டிப்போட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல அவளுக்குக் கேக்குற மாதிரி கத்துனேன்.

"புலி எங்களுக்குத்தான்டி வந்துச்சு! நாங்கதான் வேண்டாம்னு குடுத்துப்போட்டோம்!"