எர்த் வயர்

அந்த ஜனவரியில் ஒக்நான் மூன்று முறை காரைக் கொண்டுவந்து கிடேக்கின் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினாள். மூன்று முறையும் ஒரே புகார்தான். ஊருக்குள் ஓட்டும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. பெக்பொங் கணவாய் ஏற்றத்தில் மட்டும் திடீரென்று மூச்சு முட்டியதுபோல் திணறுகிறது. எவ்வளவு மிதித்தாலும் இழுப்பதில்லை. முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

அந்தக் கணவாயை அவள் வாரத்தில் மூன்று நாள் தாண்டியே ஆகவேண்டும். அவள் புருஷன் மேங் தோஜுனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் கடற்கரைப் பக்கம் டொங்ஹேயில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். இம்கே மாதிரி மலையூரில் அதற்கு வழி கிடையாது.

தோஜுன் இருபத்தைந்து வருஷம் முட்டைக்கோஸ் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி கண்ணையும் பாதி தின்ற பிறகுதான் ஸ்டியரிங்கை விட்டார். வேறு வழியில்லாமல் ஒக்நான் நாற்பத்து நாலு வயதில் ஓட்டப் பழகி, ஐந்தாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். அந்த ஐந்து தடவையையும் ஊரே எண்ணி வைத்திருந்தது. கிடேக் தொழில் பழகியதே தோஜுனின் லாரிக்கு அடியில் படுத்துத்தான். அதனால் அவர் அவனுக்கு அண்ணன், அவள் அண்ணி.

முதல் தடவை ஸ்கேனரைச் செருகியதும் த்ராட்டில் சென்சார் என்று காட்டியது. எஞ்சினுக்குள் காற்றை விடும் மூடி எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் பெட்டி அது. கிடேக் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டான். எட்டாம் நாள் அவள் திரும்பி வந்தாள்.

இரண்டாவது தடவை கொஞ்சம் பொறுமையாகவே பார்த்தான். சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் ஐந்து வோல்ட் வரவேண்டும், வந்தது. ஒன்று எர்த், நன்றாக இருந்தது. மூன்றாவதுதான் சேதி சொல்லும் வயர். பெடலில் கால் வைக்காதபோது அரை வோல்ட், முழுக்க மிதித்தால் நாலரை. அவன் மெதுவாக மிதிக்க மிதிக்க மீட்டரில் எண் தடங்கலில்லாமல் ஏறியது, விட்டதும் இறங்கியது. வயர்கள் சென்சாரில் செருகுகிற கப்ளரைக் கழற்றி ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டினான். "இனிமே வராது அண்ணி" என்றான்.

மூன்றாவது தடவை வந்தபோது வாசலில் ஏற்கெனவே நாலு கார் பனி டயர் மாற்றக் காத்திருந்தது. தோஜுன் சீட்டிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒரே ஒரு தடவை என்கூடக் கணவாய் வரைக்கும் வாங்க. அது அங்கதான் தன் குணத்தைக் காட்டுது. இங்க வந்தா நல்ல பிள்ளையா நிக்குது" என்றாள் ஒக்நான்.

"சென்சார் புதுசு அண்ணி. மூணு வயரையும் பார்த்தாச்சு. மீட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீ சொல்லல. உன் கால் சொல்லுது" என்றார் தோஜுன் ஜன்னல் வழியாக. "லாரிக்காரன் பெண்டாட்டின்னு வெளியில சொல்லிக்காத. ஏத்தம் வந்தா பாம்பை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறா, கிடேக்."

டயருக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கிடேக்கும் சிரித்தான். சிரித்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அண்ணன் சொல்றதும் சரிதான் அண்ணி. வண்டியில ஒண்ணுமில்ல. பயந்து ஒரேயடியா அழுத்துறீங்க, கம்ப்யூட்டர் குழம்பிப் போகுது. முட்டை மேல கால் வைக்கிற மாதிரி வைங்க."

ஒக்நான் கையை நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாரம் இழுக்கும்போது மட்டும் வருகிற கோளாறைப் பாரம் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். அது அவனுக்குத் தெரியாததல்ல. போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெளியே மைனஸ் பத்து டிகிரி குளிர். அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கிளம்பும்போது லேசாகத்தான் தூறிக்கொண்டிருந்தது பனி. கணவாய் உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது வண்டி திணறி நின்றது. அணைத்துக் கிளப்பினாள், பத்தடி போய் மறுபடி நின்றது. இப்படிப் பல தடவை போராடுவதற்குள் பனி கொட்டத் தொடங்கி முழங்கால் உயரம் ஏறிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. மூன்று மணி நேரம் கழித்துப் பனி தள்ளும் வண்டிக்காரர்கள் வந்து இருவரையும் இம்கேவுக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கணவாயை மூடியாயிற்று. சுற்றிப் போகிற பாதைகளும் மூடியாயிற்று. ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள்: தண்ணீர் குறைச்சலாகக் குடிக்கட்டும், பழம் தொடவேண்டாம், திங்கள்கிழமை பாதை திறந்ததும் முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒக்நான் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது தோஜுனின் மூச்சு நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள்.

சாவு மண்டபத்தில் கிடேக் தோஜுனின் படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினான். ஒக்நானைப் பார்த்துக் குனிந்தான். அவளும் குனிந்தாள், எல்லோருக்கும் குனிந்ததுபோல. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி மாட்டிறைச்சிக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்பூனைக் கையில் எடுத்தவன் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

தகனம் முடிந்த மறுநாள் பனி தள்ளுகிறவர்கள் அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து அவன் ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அவன்தான்.

அன்று அவன் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. கப்ளரின் பின்பக்கமாகச் சேதி வயருக்குள் ஊசியைச் செருகி மீட்டரை மாட்டி, ஜன்னல் வழியே உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிரேக்கை இடது காலால் இறுக மிதித்து, கியரை டிரைவில் போட்டு, வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்தினான். முன்னே போக முடியாத எஞ்சின் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் தூக்கியது. ஒன்றரை வோல்ட். ஒன்று எழுபது. அடுத்த கணம் மீட்டர் ஐந்துக்குத் தாவியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் செத்த குரலில் முனகத் தொடங்கியது.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐந்து வோல்ட் என்றால் எர்த் அறுந்திருக்கிறது. அவன் பானட்டைத் திறந்து எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். எஞ்சினின் பின்பக்கம் ஓரிடத்தில் வயர் எலும்பில்லாத விரல்போலத் துவண்டது. மேல்தோலைக் கீறிப் பார்த்தான். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து கிடந்தன. இரண்டே இரண்டு இழை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் சும்மா ஓடினால் அவை தொடும். ஏற்றத்தில் எஞ்சின் சாய்ந்து வயரை இழுத்தால் விலகிக்கொள்ளும். விலகியதும் கம்ப்யூட்டருக்கு மூடி முழுக்கத் திறந்துகிடப்பதாகச் சேதி போகும். நம்ப முடியாத சேதி. அது பயந்துபோய் எஞ்சினின் பலத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

அந்த இடத்தில் வயர் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கவேண்டும். அது மாட்டுகிற துளை காலியாக இருந்தது. கிடேக் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே நின்றான். முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் எஞ்சினைத் தாங்குகிற மவுண்டை மாற்றியது அவன்தான். கழற்றும்போது கிளிப் உடைந்தது. வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் ஞாபகம் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான்.

வயரை வெட்டிப் புதுத்துண்டு வைத்துப் பற்றவைத்தான். கிளிப் மாட்டினான். பாதை திறந்திருந்தது, தனியாக ஓட்டிக்கொண்டு கணவாய்க்குப் போனான். உச்சிவரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறினான். நாலு தடவை. பாம்பை மிதிக்கிற மாதிரியே மிதித்துப் பார்த்தான். வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. நாலாவது தடவை உச்சியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டான்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குத்தான் போனான். ஒக்நான் கதவைத் திறந்து, அவன் பின்னால் நின்ற காரைப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சா?"

அவன் ஷூவைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். அறுந்த வயரை, உடைந்த கிளிப்பை, அதைப் போடாமல் விட்டது தான்தான் என்பதை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப, என் கால் இல்லையா?"

"இல்ல அண்ணி. உங்க கால் இல்ல. ஒரு நாளும் இல்ல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மணி நேரம் தம்பி" என்றாள். "மூணு மணி நேரமும் அவர் என் காலைத்தான் திட்டினார். கிடேக்கே சொன்னான், வண்டியில ஒண்ணுமில்ல, நீதான் கெடுக்கறன்னு சொன்னார். ஷூவைக் கழட்டுன்னார். வெறுங்காலோட மிதிச்சேன். அப்பவும் நின்னுது. என்னைக் கொல்லத்தான் நீ லைசென்ஸ் வாங்கினியான்னு கேட்டார். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அவர் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நான் கஞ்சி வைக்கப் போறேன்னு சொன்னப்பகூடச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார்."

கிடேக் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் அதைத்தான் நம்பினேன்" என்றாள். "நான்தான் கொன்னேன்னு." பிறகு வழியை விட்டு விலகி நின்றாள். "உள்ள வாங்க. அவர்கிட்ட சொல்லுங்க."

தாழ்வான மேசைமேல் கறுப்பு ரிப்பன் கட்டிய படம். லாரி காலத்துப் படம். கன்னம் உப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கிடேக் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு. என்னை மன்னிச்..."

"அப்படி இல்ல" என்றாள் ஒக்நான் பின்னாலிருந்து. "மன்னிப்பெல்லாம் அப்புறம். என்கிட்ட சொன்ன மாதிரி சொல்லுங்க. வயர் வயரா. அவருக்கு வண்டி தெரியும்."

அவன் மறுபடி தொடங்கினான். "சென்சாருக்கு மூணு வயர் அண்ணே." ஐந்து வோல்ட் வருகிற வயரைச் சொன்னான். சேதி வயரைச் சொன்னான். எர்த் வயருக்கு வந்தபோது குரல் உடைந்தது. நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னான். எஞ்சின் எந்தப் பக்கம் சாய்ந்தது, எத்தனை இழை மிச்சம் இருந்தது, கிளிப் எங்கே இருந்திருக்கவேண்டும். "கிளிப்பைப் போடாதது நான். வந்து பார்க்காதது நான். அண்ணி சரியாத்தான் மிதிச்சாங்க."

அவன் சொல்லி முடித்தான். ஒக்நான் எதையோ எதிர்பார்த்தவள்போலப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட எதைச் சொன்னாலும் ஒரு எதிர்க்கேள்வி இருக்கும்" என்றாள். "எப்பவும் இருக்கும்." அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். படத்தைப் பார்த்து, வாயைத் திறந்துகொண்டு, கோபமாக அழுதாள். கிடேக் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

சாவியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "இனிமே நான் அதுல உட்கார மாட்டேன். நீங்களே என்னமோ பண்ணிக்கோங்க" என்றாள். திட்டவில்லை. போலீசுக்கும் போகவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பல நாள் தோன்றியது.

ஏப்ரலில் ஒரு காலை, மழையில், பஸ் நிறுத்தத்தில் அவள் பையோடு நிற்பதைப் பார்த்துத் தன் வேனை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான்.

"ஏறுங்க அண்ணி. எங்க போகணுமோ விடறேன்."

"வேணாம் தம்பி. பஸ் வந்துடும்."

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். அவள் ரோட்டின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளம்பிப் போவதா, அங்கேயே நிற்பதா என்று தெரியாமல், மழை உள்ளே தெறிக்கிற கண்ணாடியைக்கூட ஏற்றாமல், அவன் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான்.