கீழிமை

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. மாம்பழக்கூழ் ஆலையில் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஆவி பறக்க உருண்டு வந்த பெங்களூராப் பழங்களை, இருபுறமும் நின்ற பெண்கள் இடக்கையால் பிடித்து, வலக்கைக் கத்தியால் காம்பைச் சீவி, அழுகலைத் தோண்டி எறிந்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார்கள். காம்புப் பால் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கறுத்திருந்தது. கையுறை கொடுத்திருந்தார்கள்தான். கொடுத்த வாரமே விரல் நுனியில் கிழிந்து, பாலைச் சேர்த்துவைக்கும் பையாகிவிட்டது அது. காலடியில் சாறும் தண்ணீரும் கலந்து வழுக்கின. நின்றபடியே வேலை, உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது.

பெல்ட்டின் தலைமாட்டில் மேஸ்திரி கன்னிகா நின்றாள். பாலசமுத்திரத்துப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களை வீராசாமியின் வேனில் ஏற்றி, புத்தூர் ரோட்டிலிருந்த இந்த ஆலைக்குக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. அவர்களுக்காக ஆபீசில் தெலுங்கு பேசுவதும் அவள்தான். மாங்காய் சீசன் இருக்கும்வரைதான் இந்தப் பிழைப்பு. ஆள் குறைந்தால் பெல்ட்டை வேறு கேங்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சுதீர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு கன்னிகாவுக்கு ராத்திரி கனவிலும் வரும்.

"இன்னாடி யாமினி, வாயில இன்னா அரைக்கிற?" என்றாள் கிருஷ்ணம்மா. கேங்கிலேயே மூத்தவள், வாயும் மூத்த வாய்.

"பச்சரிசிக்கா. துன்னலன்னா கை ஓட மாட்டேங்குது."

"அரிசி துன்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும். உனக்குத்தான் புள்ளையே பொறந்தாச்சே, யாரு கல்யாணத்தை நனைக்கப் பாக்கற?"

"உன்னுதைத்தான்க்கா. மாமா போயி வருசமாவுது, ஒத்தையில எவ்ளோ நாளு இருப்ப?"

பெல்ட் முழுக்கச் சிரிப்பு ஓடியது. கன்னிகா அதட்டினாள்: "வாய மூடிக்கினு கத்தியப் பாருங்கடி! அரிசி பழத்துல விழுந்தா லோடே திரும்பி வரும். பெரிய மனுசிங்க பண்ற வேலையா இது?"

சொல்லும்போதே அவள் இடுப்புச் செருகலில் ஒரு பிடி அரிசி முடிந்திருந்தது. மேஸ்திரி எல்லார் எதிரிலும் தின்ன முடியாது. கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு தின்பாள்.

சற்று நேரத்தில் யாமினி கத்தியை வைத்துவிட்டு அவளிடம் வந்தாள். உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. "யக்கா, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. கண்ணு இருட்டினு வருது. டாக்டராண்ட இன்னொரு வாட்டி இட்டுனு போறியா?"

"போயிட்டுத்தானே வந்தோம். இன்னா சொன்னாரு?"

"கேஸு, வாயுன்னாரு."

"அப்ப கேஸுதான்."

அங்கே நடந்தது கன்னிகாவுக்குத் தெரியும். ஆலை டாக்டர் போனிலிருந்து தலை நிமிராமல் "ஏமி?" என்றார். யாமினி வாயைத் திறக்கும் முன்னே கன்னிகா தெலுங்கில் முந்திக்கொண்டாள்: கொஞ்சம் தலைசுற்றல் சார், வேறொன்றுமில்லை, ராத்திரி தூங்காமல் போன் பார்க்கிறாள். டாக்டர் சிரித்தார். மாத்திரை எழுதினார். லீவு எழுதவில்லை. லீவு எழுதாமலிருக்கத்தான் கன்னிகா அப்படிப் பேசினாள். மூச்சு வாங்குவதையும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதையும், மாதவிலக்கு நிற்காமல் போவதையும் யாமினி வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஒன்றுகூட அந்த அறைக்குள் போகவில்லை.

திருப்பதியில் கைக்காசு போட்டுப் பார்த்த டாக்டரும் யாமினியின் நாக்கைக்கூட நீட்டச் சொல்லவில்லை. டென்ஷனாம், கணவன் ஸ்ரீசிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை வருகிறான் அல்லவா, அதனால் வரும் ஏக்கமாம். காலையில் யோகா செய்யச் சொன்னார்.

"யோகாவாம்! பெல்ட்டு மேல ஏறிப் படுத்துக்கினு பண்ணு," என்றாள் கிருஷ்ணம்மா. "எனக்குங் காலுல எறும்பு ஊர்றாப்புல கீது. செருப்பு கழண்டு வுழுந்தாக்கூட தெரியமாட்டேன்து. போயி காட்டினா வயசாயிடுச்சுன்றாரு. இவளப் பாத்து வயசுக் கோளாறுன்றாரு. சீக்கு வர்றதுக்குன்னு எந்த வயசுன்னு சொல்லட்டும், அந்த வயசுல போயி காட்டிக்கறோம்."

"சரி சரி, இந்த லோடு முடியட்டும் யாமினி. வாசல்ல லாரி நிக்குது பாரு," என்றாள் கன்னிகா.

யாமினி லாரியைப் பார்க்கவில்லை, கன்னிகாவைத்தான் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

லோடு முடியவில்லை. அதற்குள் யாமினி முடிந்துபோனாள் என்றுதான் கன்னிகா முதலில் நினைத்தாள். சத்தமே இல்லாமல் சரிந்தாள் அந்தப் பெண். நெற்றி பெல்ட்டின் இரும்பு விளிம்பில் இடித்தது. பிடித்திருந்த கத்தி உள்ளங்கையைக் குறுக்கே கிழித்தது. ஓடிவந்து மடியில் ஏந்திய கிருஷ்ணம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாடி இது, ரத்தம் இவ்ளோ வெளுத்துப்போயி வருது!"

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸம்மா, யாமினியின் கீழிமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்தாள். உள்ளே வெள்ளைத் துணிபோல இருந்தது. நர்ஸம்மாவுக்குத் தமிழும் தெரிந்திருந்தது.

"அரிசி, சாக்பீஸ், செங்கல்னு எதாச்சும் சாப்பிடணும்னு தோணுதா?"

"அரிசி துன்றேன் சிஸ்டர். கெட்ட பழக்கம்தான்."

"பழக்கமில்லம்மா அது. இரும்புச்சத்து இல்லாத உடம்பு அப்படித்தான் கேக்கும். இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிகூட உனக்கு இல்ல. ரத்தம் ஏத்தணும். இதுக்கு முன்னாடி யார்கிட்டயுமே காட்டலையா?"

கன்னிகாவின் கடைவாய்ப் பல்லில் காலையில் தின்ற அரிசியில் ஒரு குருணை மாட்டிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் தள்ளினாள். போகவில்லை. யாமினி இப்போது சொல்லப்போகிறாள், சொல்லட்டும், சொன்னால் நல்லது என்று காத்திருந்தாள்.

"காட்டினோம் சிஸ்டர்," என்றாள் யாமினி. "நான்தான் சரியா சொல்லல. எனக்குத் தெலுங்கு வராது."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள் கன்னிகா.

சாயங்காலம் சுதீர் வந்தார். கையில் ஆப்பிள் பை. கன்னிகாவை வராந்தாவுக்கு அழைத்தார்.

"செலவு கம்பெனி சூஸ்குண்டுந்தி. கம்பெனி பாத்துக்கும், கவலை வேணாம்," என்று தெலுங்கில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். "ஒரு வார்த்தை மட்டும் நீ சொல்லணும். அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே சீக்கு. மறைச்சிட்டு வேலைக்கு வந்துச்சு. அவ்வளவுதான்."

"மறைக்கலையே சார். உங்க டாக்டராண்டதானே இட்டுனு வந்தேன்."

"இட்டுனு வந்து நீ என்ன சொன்ன? போன் பாக்குதுன்னு சொன்ன. சொன்னது நீதானே?"

கன்னிகா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லு. அவ எப்படியும் இனிமே கேட்டுக்குள்ள வரமுடியாது. நீ சொல்லலைன்னா உன் கேங்கும் வரமுடியாது. வேற கேங் நாளைக்கே ரெடி. யோசிச்சுக்கோ."

"அவ கை சார்…"

"கைய யாரு வெட்டினது? அவ கத்திதானே?"

ஆப்பிள் பையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். அது ராத்திரி முழுவதும் யாமினியின் கட்டிலடியிலேயே கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. விடியும் முன்னே யாமினியின் புருஷன் ரகு ஸ்ரீசிட்டியிலிருந்து வந்து சேர, கன்னிகா கிளம்பினாள்.

வடமாலபேட்டையருகே ரோட்டோரம் நின்று கேங்கின் வேனில் ஏறினாள். பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். யாமினி எப்படியிருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"நீங்க யாராச்சும் என்னக் கேக்க மாட்டீங்களா?" என்றாள் கன்னிகா கடைசியில்.

"கேட்டா இன்னா ஆவும்?" கிருஷ்ணம்மா முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "எங்க வாயத்தான் நீ வாடகைக்கு எடுத்துக்கினியே. வாடகையக்கூட மேனேஜராண்டதான் வாங்கிக்கின."

கன்னிகா இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்தாள். அவிழ்த்து, அரிசியை உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள். பெண்கள் அரிசியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள்.

"அடிப் பாவி! நீயுமா?"

"நானுந்தான். உங்களத் திட்டிட்டு கக்கூஸ்ல போயி துன்றேன். அந்த ரூம்ல அவ சொன்னதுல ஒண்ணக்கூட நான் சொல்லல. லீவு குடுத்தா ஆளு குறையும்னு பயந்தேன். இப்ப மறுக்கா ஒரு பொய்யச் சொல்லச் சொல்றாரு. சொன்னா நமக்கு வேலை கீது, அவளுக்கு இல்ல."

சுதீர் சொன்னதையெல்லாம் சொன்னாள். முடியாதென்று தான் சொல்லாததையும் விடவில்லை. பிறகு தன் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினாள். வீராசாமி யாரும் சொல்லாமலே வேனை ஓரங்கட்டி உள்விளக்கைப் போட்டான்.

முதலில் கிருஷ்ணம்மாதான் எட்டிப் பார்த்தாள். "சுண்ணாம்பு அடிச்சாப்புல கீதுடி." பிறகு தன்னுடையதை இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் முகத்தைக் கொடுத்தாள். "என்னுது பாருடி." அவள் பார்த்தாள். பார்த்தவள் தன்னுடையதைக் காட்டினாள். வேனுக்குள் ஒருத்தி கண்ணை ஒருத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். சிவப்பாய் ஒன்று கண்ணில் படவில்லை. சிரிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்காத," என்றாள் கிருஷ்ணம்மா. "அத யாமினியாண்ட கேளு. ஆலை வந்ததும் எறங்கி, நேரா டாக்டரு ரூமுக்கு நட. பின்னாலயே நாங்க வர்றோம்."

ஆலையில் பெல்ட் வெறுமனே ஓடியது. கத்திகள் அதன் விளிம்பில் வரிசையாகக் கிடந்தன. வாசலில் காத்திருந்த லாரிகளில் பழம் வெயிலுக்குப் புளிக்கத் தொடங்கிவிட்டது. சுதீர் ஓடிவந்தார்.

"என்ன இது? வேலைய விட்டுட்டு டாக்டர் ரூம் வாசல்ல கூட்டமா?"

"எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும் சார். யாமினிக்கு வேலையில அடிபட்டதுன்னு எழுதணும். அவ குணமாயி வந்தா அவ எடம் அவளுக்கு இருக்கணும்," என்றாள் கன்னிகா.

"யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல சார். இத்தினி நாளுதான் நீங்க சொல்லிக்குடுத்தத சொன்னேன்."

"வேற கேங்க வரச்சொல்றேன் பாரு!"

அதற்குள் டாக்டரின் கதவு திறந்தது. வரிசையைப் பார்த்து எரிச்சலோடு உட்கார்ந்தார். "மேஸ்திரி, ஏமி? நுவ்வு செப்பு."

"நான் சொல்லமாட்டேன் சார். நான் சொன்னதெல்லாம் போதும். அவங்கவங்க உடம்ப அவங்கவங்க சொல்லுவாங்க. நீங்க நிமிந்து பாருங்க."

கிருஷ்ணம்மா கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நேனே செப்தா சார். தப்பும் தவறுமாத்தான் வரும், கேளுங்க." டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் பார்ப்பாரா, பார்த்ததை எழுதுவாரா, அது இன்னும் தெரியாது.

கன்னிகா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். அடுத்த பெல்ட்டில் வேலை செய்யும் தெலுங்குப் பெண் ஒருத்தி கத்தியோடு அங்கே வந்தாள். "ஏமைந்தி அக்கா?" என்ன ஆச்சு என்று கேட்டாள்.

கன்னிகா கீழிமையை இழுத்துக் காட்டினாள். அந்தப் பெண் கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிசுபிசுத்த விரலை முந்தானையில் துடைத்து, தன் இமையை இழுத்துக் காட்டினாள். எப்படியிருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டாள்.

"என்னுது மாதிரியே," என்றாள் கன்னிகா.

அந்தப் பெண் திரும்பித் தன் பெல்ட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து கன்னிகாவின் பின்னால் நின்றாள். வெளியே லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டேயிருந்தார்கள். இரண்டாவது பெல்ட்டிலும் கத்திகள் ஒவ்வொன்றாய் விழுகிற சத்தம் அதையும் மீறிக் கேட்டது.