படிக்காத நெட்வொர்க்

அஸ்வதியிடம் எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். அந்தத் துணிச்சலுக்காகவே எம்.இ. கடைசி வருடப் புராஜெக்டில் பிரிஜா அவளோடு கூட்டுச் சேர்ந்தாள். இனயம் கடற்கரையில் பிரிஜா எடுத்த ஆயிரத்து இருநூறு மீன் போட்டோக்களைப் பார்த்து, மத்தி எனும் சாளையா, கானாங்கெளுத்தி எனும் அயிலையா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். நியூரல் நெட்வொர்க்கை இரண்டு விதமாகப் பழக்கினார்கள். ஒன்று, ஒன்றுமறியாத நெட்வொர்க்குக்கு இந்த மீன்களை மட்டும் காட்டுவது. மற்றது, நாய், பூனை, நாற்காலி என்று லட்சம் படங்களில் ஏற்கனவே பழகியதை மீனுக்குத் திருப்புவது. முதலாவது நூற்றுக்கு எண்பத்தாறு சரியாகச் சொன்னது. இரண்டாவது தொண்ணூற்று நான்கு.

அதோடு விட்டிருக்கலாம். நெட்வொர்க் படத்தில் எதைக் கவனிக்கிறது என்று சிவப்பாகக் காட்டும் ஒரு புரோகிராம் அஸ்வதிக்குக் கிடைத்துவிட்டது. முதலாவது வாலைப் பார்க்கிறது, இரண்டாவது அயிலையின் முதுகு வரியைப் பார்க்கிறது, அதனால்தான் ஜெயித்தது என்று இருபது பக்கம் எழுதிவிட்டாள்.

“அது பாக்குதுன்னு நமக்கு எப்பிடிட்டி தெரியும்?” என்றாள் பிரிஜா.

“செவப்பா கெடக்குல்லா, கண்ணு தெரியல்லியா?”

மறுநாள் லேபில் தனியாக இருந்த பிரிஜா, பழக்கிய ஃபைலை ஏற்ற மறந்து, எதையும் படிக்காத வெறும் நெட்வொர்க்கில் புரோகிராமை ஓட்டிவிட்டாள். நூற்றுக்கு ஐம்பதுதான் சரி. காசைச் சுண்டிப்போட்டாலும் அவ்வளவு வரும். ஆனால் சிவப்பு மட்டும் அயிலையின் வரிகள்மேல் அச்சாக விழுந்திருந்தது. படிக்காததற்கே இப்படி விழுந்தால் இந்தச் சிவப்பை எப்படி நம்புவது? தோழியின் இருபது பக்கமும் போச்சே!

படத்தைப் பிரிண்ட் எடுத்து அஸ்வதி முன் வைத்தாள்.

“கொள்ளாமே! இதாக்கும் நல்லா படிச்சிருக்கு. வரி ஒவ்வொண்ணா பாக்குது, கேட்டியா?”

“இது ஒண்ணுமே படிக்காததுட்டி.”

அஸ்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தியானம் சோற்றுக்கும் தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

“ஏட்டி, சாருக்கும் இதக் காட்டுவோமா?”

பழக்கிய இரண்டின் படங்களையும் படிக்காததன் படத்தையும் பெயர் போடாமல், புராஜெக்ட் கைடு பொன்னுலிங்கம் சாரிடம் நீட்டினார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்த சார், படிக்காததன் படத்தில் விரலை ஊன்றிக் கால்மணி நேரம் விளக்கினார். உண்மையைச் சொன்னதும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“கால்மணி நேரமா பேசியிருக்கேனே மக்கா! நான் பேசினதையும் சேத்து எழுதுங்கோ.”

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து எக்ஸாமினராக வந்த அம்மையார் நேராக அங்கேயே கை வைத்தார். “இரண்டாவது முறை ஏன் ஜெயித்தது?”

நாக்கு நுனிவரை வந்த விளக்கத்தை விழுங்கிவிட்டு அஸ்வதி சொன்னாள்:

“தெரியாது மேடம். ஜெயிச்சதுன்னு மட்டும் நிச்சயமாச் சொல்லலாம். ஏன்னு நாங்க எழுதின விளக்கத்த நாங்களே கவுத்துட்டோம். நாற்பதாம் பக்கத்துல இருக்கு.”

அம்மையார் புரட்டினார், படித்தார், சாரின் பேச்சு வந்த இடத்தில் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் இவர்களுக்குத்தான்.

“தெரியாதுன்னு சொன்னதுக்கா இம்புட்டு மார்க்கு?” படியிறங்கும்போது அஸ்வதிக்கு ஆச்சரியம் தாளவில்லை. அது ஏன் என்று ஒரு விளக்கமும் தொடங்கினாள். பிரிஜா அவள் வாயைப் பொத்தி, பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.