டியூனரும் வேலாயி அத்தையின் கம்பளியும்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு.

இன்று ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். பைஸர் சேர் ரேடியோவில் வகுப்புப் பிள்ளைகளின் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே நான் டியூனரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எல்லாருடைய ரேடியோவிலும் விசில் கேட்டிருக்கிறது. மத்தியானம் குறித்துக்கொண்ட எண்களைத்தான் வைத்தேன். ஆனாலும் முள் படியவில்லை. எண்களைத் தப்பாகக் குறித்திருப்பேன்.

சுலக்ஷனா பேனாவை மூடினாள். பிறகு திறந்து, ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையாகப் பட்டதால் அதற்கு மேலேயே மறுபடி ‘சிறு’ என்று எழுதினாள். அவள் சுபாவமே அப்படித்தான். கொட்டகலை பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்கும் வேலை. ஒரு கொப்பி கேட்டு வருகிறவர்களிடம், “நேராத்தான் விழுந்திருக்குங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் காசை வாங்குவாள். அமெச்சூர் ரேடியோ லைசன் கையில் கிடைத்த அன்று, தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கே நான்கு கொப்பி எடுத்து வைத்தாள். நான்கையும் எங்கே வைத்தோம் என்பதுதான் இப்போது நினைவில்லை.

ரேடியோ வகுப்பு ஹட்டனில், பைஸர் சேரின் மின்சாமான் கடைக்கு மேல்மாடியில், மாலையில் நடக்கும். வகுப்புக்கென்று இருப்பது ஒரேயொரு டியூனர். அதைத்தான் சுலக்ஷனா இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். செங்கல்லைப் போல் கனக்கும் கறுப்புப் பெட்டி. முன்னால் மூன்று குமிழ், ஒரு மீட்டர், மீட்டருக்குள் இரண்டு முள். ரேடியோவுக்கும் வெளியே கட்டிய அன்டனாக் கம்பிக்கும் இலேசில் ஒத்துப்போகாது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சம்மதிக்க வைக்கிற கலியாணத் தரகர்தான் டியூனர் என்று சேர் சொல்லிக் கொடுத்திருந்தார். புதுமாதிரிப் பெட்டிகள் தாமாகவே பேசி முடித்துவிடும். இது பழைய மாதிரி. குமிழை நாம்தான் திருப்ப வேண்டும். ஒரு முள் நாம் அனுப்பும் சக்தியைக் காட்டும். மற்றது கம்பி ஏற்காமல் திருப்பி அனுப்புவதைக் காட்டும். திரும்பி வருகிற முள் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தால் சம்பந்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

சுலக்ஷனாவின் சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட மாட்டேன் என்றது.

“யாரோ கேத்தல்ல தண்ணி கொதிக்க வெச்சிட்டு மறந்துட்டாங்க போல ஈக்கி,” என்று சேர் அன்று ரேடியோவில் சொன்னார். “கொஞ்சம் எறக்கி வைங்க மகள்.”

அந்த நிமிடத்திலிருந்து வகுப்பில் அவளுக்குக் கேத்தல் என்று பெயர். வைத்தவன் நோட்டன் பிரிட்ஜ் ஸஜ்ஜாத். டியூனருக்கு அடுத்த முறை அவனுடையது. வகுப்பின் ஏற்பாடு எளிமையானது. ஞாயிறு சாயங்காலம் சேர் ரேடியோவில் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். டியூனரை எடுத்துப் போகிறவர், இரண்டு ஞாயிறுக்குள் தன் வீட்டிலிருந்து பேர் கூப்பிடும்போது பதில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அடுத்த பரீட்சை வரைக்கும் பெட்டி அவரிடமே இருக்கும். சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். முதல் ஞாயிறு விசிலாகப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்று.

டியூனர் போனால் அவளுக்கு எல்லாமே போனமாதிரி. அவள் குடியிருக்கும், வரிசையாக அறைகள் ஒட்டிய தோட்டத்து லயத்தில் நேரான கம்பி கட்ட இடமில்லை. உள் காம்பராவிலிருந்து கூரை விளிம்பு வழியாக வெளியே வந்து, பக்கத்து வீட்டு வேலாயி அத்தையின் வாசலைத் தாண்டி, பள்ளத்தில் இருக்கும் டர்ப்பன்டைன் மரம் வரைக்கும் வளைந்தும் தொய்ந்தும் போகிற அந்தக் கம்பியை, டியூனர் இல்லாமல் எந்த ரேடியோவும் ஏறிட்டுப் பார்க்காது.

அந்த வாரம் முழுக்க அவள் ஒழுங்காக ஆராய்ந்தாள். வேலை விட்டு வந்ததும் தினமும் மூன்று குமிழையும் திருப்பி, முள் படிகிற இடத்தைக் குறித்தாள். திங்கள், செவ்வாய், புதன், எல்லா நாளும் ஒரே இடம். மழை தூறியதா, பக்கத்துக் காம்பராவில் டிவி ஓடியதா, மரத்தில் குரங்கு இருந்ததா, எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதினாள். குரங்கு இருந்தாலும் முள் அசையவில்லை.

“அப்பறம் ஏன் புள்ள ஞாயித்துக்கெழம மட்டும் மொறைக்குது?” என்று அப்பா நல்லமுத்து கேட்டார்.

“நான்தாம்பா எதையோ தப்பாப் பண்றேன்.”

“லீவு நாளுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கும்,” என்றார் அப்பா.

ரேடியோவில் பேர் கூப்பிடுவதை அவர் ஆகாயப் பெரட்டு என்றுதான் சொல்வார். காலையில் தேயிலை மலைக்குப் போகுமுன் கணக்குப்பிள்ளை நின்று பேர் கூப்பிடுகிற பெரட்டை முப்பது வருடமாகப் பார்த்தவர். “பெரட்டுக்குப் பிந்தினா வெரட்டி விட்டுருவாங்க. அங்கயும் அப்பிடித்தானே?” என்று கேட்டார்.

பதினாறாம் திகதி ஞாயிறு நல்ல வெயில். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சுலக்ஷனா உள் காம்பராவில் உட்கார்ந்தாள். வாரம் முழுக்கச் சரியாக இருந்த எண்களை வைத்தாள். முள் படியவில்லை. அந்த எண்களும் தப்புத்தான் என்று எழுத்தே தெரியாதபடி அடித்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுவது முறையான வேலை இல்லை என்பதால், காலியாகக் கிடந்த வேறொரு அலைவரிசைக்கு நகர்ந்து, முதலிலிருந்து மெதுவாகத் திருப்பினாள். ஒரு குமிழில் ஒரு கோடு. அடுத்ததில் அரைக் கோடு. பிறகு முதல் குமிழில் பின்னோக்கி ஒரு கோடு. கடைசியில் திரும்புகிற முள் சோம்பல் நாய் மாதிரி தரையில் படுத்தது. குமிழ்களுக்குக் குறுக்கே சொலோடேப் ஒட்டினாள். தன்னையே நம்பாதவளுக்கு சொலோடேப் மேல் நம்பிக்கை உண்டு.

சாயங்காலம், பேர் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், கடைசியாக ஒருதரம் சோதித்துப் பார்த்தாள்.

திரும்புகிற முள் துள்ளி எழுந்து நின்றது.

சொலோடேப் அசையவில்லை. குமிழ் அசையவில்லை. கம்பிதான் அறுந்திருக்க வேண்டும் என்று சுலக்ஷனா செருப்பில்லாமல் வெளியே ஓடினாள்.

கம்பி முழுசாக இருந்தது. அதன் அடியில் வேலாயி அத்தை, ஒரு பெரிய பச்சைக் கம்பளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னா சுலோ, பேயக் கண்ட மாதிரி ஓடியார?”

“அத்தே, அந்தக் கம்பளி எங்க கெடந்துச்சு?”

“எங்க கெடக்கும்? இந்தக் கொடியிலதான்.”

“அது கொடியில்ல அத்தே! அன்டனா!”

“அந்தப் பக்கம் கட்டியிருக்கு, இந்தப் பக்கம் கட்டியிருக்கு, நடுவுல சும்மா தொங்குது. அதுக்கு நீ என்னா பேரு வேணும்னாலும் வெச்சுக்க. பனி எறங்குது, நான் எடுத்துட்டேன்.”

சுலக்ஷனாவின் மண்டைக்குள் ஒவ்வொரு கோடாக ஏதோ திரும்பியது. “போன ஞாயித்துக்கெழமையும் காயப் போட்டீங்களா?”

“ஞாயித்துக்கெழம தொவைக்காம, பின்ன என்னா பெரட்டு நடக்குறப்பவா தொவைப்பாங்க?”

மழை, டிவி, குரங்கு என்று எல்லாவற்றையும் எழுதியவள், துணியை எழுதவில்லை. லயத்தில் கொடியில் துணி கிடப்பதை யார் பார்ப்பார்கள்? கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லையே. இன்னும் மோசமான ஒன்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கம்பியின் கடைசியில், மர நிழலில் தனியாக, இன்னமும் ஈரம் காயாமல் தொங்கியது அவளுடைய சொந்தச் சுடிதார். காலையில் அவளே போட்டது.

ஆக, மத்தியானம் அவள் பாடுபட்டு சம்மதிக்க வைத்தது கம்பியை மட்டுமல்ல. ஈரத் துணிகளையும் சேர்த்துத்தான்.

உள்ளே ரேடியோ கரகரத்தது. “எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பேர் கூப்பிடப் போறேன். ரெடியா ஈங்க,” என்றது பைஸர் சேரின் குரல்.

வேறு அலைவரிசைக்கு நகர்ந்து மறுபடி டியூன் பண்ணலாம். ஆனால் அதற்கு அவளுக்கு நிஜமாகவே ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரம் வேண்டும். அதற்குள் அவள் பேர் வந்து போய்விடும். வார நாள் எண்களையும் மத்தியானமே தன் கையால் அடித்துவிட்டாள். ஒரே வழிதான் இருந்தது.

“அத்தே, கம்பளிய மறுபடி போடுங்க!”

“பனியிலயா?”

“காலம்பற நானே தொவைச்சுத் தாரேன் அத்தே. கெஞ்சிக் கேக்குறேன்.”

வேலாயி அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒனக்கு எதும் நேர்த்திக்கடனா?” என்று கேட்டபடியே கம்பளியை வீசிப் போட்டாள். சுலக்ஷனா உள்ளே ஓடி, அலைவரிசையை ஓரமாக நகர்த்தி, ஒரு வினாடி மட்டும் அழுத்திப் பார்த்தாள். முள் பாதிக்குமேல் இறங்கியது. முழுக்கப் படியவில்லை. வெளியே ஓடிவந்தாள்.

“இன்னும் ஏதோ கொறையுது அத்தே. வேற என்னா கெடந்துச்சு?”

“கம்பளி, ஒஞ் சுடிதாரு... நடுவுல ஒரு சாரம். ஒங்கப்பாவோடது. அத அவரே எடுத்துக்கிட்டுப் போனாரு.”

சுலக்ஷனா திரும்பினாள். பஜாருக்குப் போவதற்காகத் தலையை வாரிக்கொண்டு வாசலில் வந்து நின்ற அப்பா, இடுப்பில் கட்டம் போட்ட நீலச் சாரம் கட்டியிருந்தார்.

“அப்பா,” என்றாள். “சாரத்தக் கழட்டுங்க.”

“என்னா?”

“ஒங்க சாரம்பா. கம்பிக்கு வேணும்.”

“எனக்கும் வேணும்டி!”

உள்ளே சேர் இறம்பொடைக்காரர் ஒருவரைக் கூப்பிட, அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “அதுக்கப்பறம் ஸஜ்ஜாத், அப்பறம் நான்!” என்று சுலக்ஷனா கத்தினாள். அப்பா ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் சாரத்தோடு வெளியே நீண்டது. வேலாயி அத்தை அதை வாங்கி வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினாள்.

“ஐயோ, நனைக்கிறீங்களா?” என்றது கதவு.

“காயாமக் கெடந்தப்பதானே கணக்கு சரியா இருந்துச்சு?” என்றாள் அத்தை. பிழியாமல் கம்பியில் போட்டாள். “எந்தப் பக்கம் சுலோ? கம்பளி ஓரமாவா?”

“ஓரமா! இன்னும் கொஞ்சம்! அங்கதான்! இப்ப எல்லாரும் தள்ளி நில்லுங்க, யாரும் கம்பியத் தொடக்கூடாது!”

அவள் உள்ளே பாய்ந்து உட்கார்ந்தபோது ஸஜ்ஜாத் பேசிக்கொண்டிருந்தான். இனிச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. சேர் அவளுடைய அழைப்புக் குறியைச் சொன்னார். சொல்லிவிட்டு, “கேத்தல் எறக்கியாச்சா மகள்?” என்றார்.

சுலக்ஷனா பொத்தானை அழுத்தினாள். இரண்டு முள்ளும் எழுந்தன. ஒன்று மேலேயே நின்றது. மற்றது ஒருதரம் நடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“கொட்டகலையிலருந்து சுலக்ஷனா. கேக்குதுங்களா சேர்?”

கரகரப்பு. மலை குறுக்கே நிற்பதால் குரல் நேராகப் போகாது; வானத்துக்குப் போய்த்தான் ஹட்டனில் இறங்க வேண்டும். அத்தனை தூரம் போகிற குரலுக்கு ஈரச் சாரம் வழி விடுமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“மாஷா அல்லாஹ்! கொஞ்சம் மெலிவு, ஆனா சுத்தமாக் கேக்குது,” என்றார் சேர். “முறைப்படி உங்க நிலைய விவரத்தைச் சொல்லுங்க. என்ன அன்டனா?”

பொய் சொல்ல அவளுக்கு வராது. வந்தாலும் அதைச் சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

“நீளக் கம்பி ஒன்னு சேர். கையால திருப்புற டியூனர். கம்பி மேல, ஒரு கம்பளி, ஒரு சுடிதார், அப்பாவோட சாரம். எல்லாம் ஈரம். அதோட சேத்துத்தான் டியூன் ஆகியிருக்கு. ஓவர்.”

யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே சிரிப்பது கேட்டது.

“சேர், ஸஜ்ஜாத் பேசுறேன். எங்க ஊட்டுல ஏழு பேரு துணி ஈக்கி சேர். டியூனர எனக்குத் தந்தா அமெரிக்கா வரைக்கும் பேசுவேன்.”

“நீங்க மொதல்ல துணியத் துவைங்க,” என்றார் சேர். “சுலக்ஷனா, டியூனர் உங்ககிட்டயே ஈக்கட்டும். வாப்பாவுக்கு என்ட நன்றியச் சொல்லுங்க.”

வாப்பா என்றால் அப்பா. அவர் அப்போது மேசை விரிப்பைச் சுற்றிக்கொண்டு கதவருகில் நின்றார். விரிப்பின் முன்பக்கம் இரண்டு மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

“பெரட்டுல பேரு விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“விழுந்திருச்சுப்பா.”

“முழுப் பேரா?” என்றார், முழுநாள் சம்பளம் விழுந்ததா என்று கேட்கிற தோட்டத்து வழக்கில்.

“முழுப் பேரு.”

“அப்ப சரி,” என்று மயில்களோடு உள்ளே திரும்பினார். வெளியே வேலாயி அத்தை, “பனி நல்லா எறங்கிருச்சு. இனியாச்சும் எடுக்கலாமா, இல்ல ராத்திரிக்கும் ஏதாச்சும் பெரட்டு இருக்கா?” என்று குரல் கொடுத்தாள்.

சோறு தின்ற பிறகு சுலக்ஷனா நாட்குறிப்புக் கொப்பியைத் திறந்தாள். நடந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். போன ஞாயிறு எழுதிய ‘எண்களைத் தப்பாகக் குறித்திருப்பேன்’ என்ற வரியைத் தேடி, அதன் மேல் கோடு போட்டாள். இந்தமுறை கோட்டின் மேல் மறுபடி எதையும் எழுதவில்லை. கீழே நாளைக்கான வேலையைக் குறித்தாள்.

நாளை: காலையில் அத்தையின் கம்பளியைத் துவைக்க வேண்டும். பஜாரில் நைலோன் கயிறு வாங்கி வந்து, அத்தையின் வாசலில் துணிக்கென்று தனியாகக் கட்ட வேண்டும். பிறகு வெறும் கம்பியில் மூன்று குமிழையும் முதலிலிருந்து திருப்பிப் பார்க்க வேண்டும்.