மூன்றாவது சங்கரநயினார்

சங்கரன்கோவில் கடைத்தெருவில் நின்றுகொண்டு சங்கரநயினார் என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். சாமி பேரை விட்டால் வேறு பேரே கிடையாது என்று நினைக்கிற ஊர். அதனால் ஹைஸ்கூல் சடுகுடு அணியின் ஏழு பேரில் மூன்று பேர் சங்கரநயினார்களாக இருந்தது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. ஆட்டத்தை மைக்கில் சொல்ல வேண்டிய குற்றாலிங்கத்துக்குத்தான் தலையிடி.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களை மைக் செட் கடை மைதீன் பாட்சா இன்னும் அவிழ்க்கவில்லை. இருக்கிறதுதான் இருக்கிறது, புளியங்குடி பள்ளிக்கூடத்தோடு நடக்கிற ஆட்டத்தையும் ஊருக்குக் கேட்கச் செய்வோமே என்று அவராகவே மைதானத்துக்கு ஒயர் இழுத்துவிட்டார். மைதானத்தில் இரண்டு குழாய், கடைத்தெரு வேப்பமரத்தில் ஒன்று. கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் குரல் உள்ளவர்கள் என்று இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஆட்டத்தைச் சொல்லக் குற்றாலிங்கம், பாயிண்டைச் சொல்ல ஜவுளிக்கடை வீட்டு ஜெயசிங். இருவரும் ஒரு வாரமாகப் பித்தளைச் செம்பை வாயருகே பிடித்துக்கொண்டு கத்திப் பழகியதில், அவர்கள் தெருவில் யாரும் மத்தியானம் கண்ணை மூடவில்லை.

மைக்கில் பட்டப்பெயர் எதுவும் வரக்கூடாது என்று ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னார் மகன் இன்னார் என்று சொன்னால் மரியாதையாகவும் இருக்கும், குழப்பமும் இராது என்பது அவர் கட்சி. கணக்குப்பிள்ளை நெல்லைநாயகம் மகன் ஒரு சங்கரநயினார், கருப்பட்டிக் கடை அய்யாத்துரை மகன் ஒரு சங்கரநயினார். அதுவரைக்கும் சரி. மூன்றாவது சங்கரநயினாரின் அப்பன் வெள்ளத்துரை, மகன் தவழுகிற பருவத்திலேயே பெண்டாட்டி பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுப் புளியங்குடிக்குப் போய், அங்கே இன்னொரு குடும்பமும் எலுமிச்சை மண்டியுமாகச் செழிப்பாக இருந்தான். தாய் பிச்சம்மாள் கடைத்தெருவில் பொரிகடலை வறுத்து விற்று மகனை ஹைஸ்கூல் வரைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

அந்த மூன்றாவது சங்கரநயினார், ஆட்டத்தன்று காலையில் குற்றாலிங்கத்தை வந்து பிடித்தான்.

"ஏலே, அந்த ஆளு பேரு எம் பேருக்கு முன்னால வந்துதுன்னா நான் ஆட்டத்தை விட்டு வெளிய போயிருவேன். பாத்துக்கோ."

பிறகு எப்படித்தான் சொல்வது என்று கேட்டதற்கு, மூணாவது சங்கரநயினார் என்று சொல், போதும் என்றான். சொல்லும்போது சிரித்தான். குற்றாலிங்கத்துக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மைக்கைக் கையில் வாங்கியதும் குற்றாலிங்கம் அதை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். தன் குரல் தனக்கே வேப்பமரத்துப் பக்கமிருந்து திரும்பி வந்தபோது, நாமா இப்படிப் பேசுகிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க நாக்கு முந்திக்கொண்டது. கணக்குப்பிள்ளையும் கருப்பட்டிக் கடையும் தவறாமல் வந்தார்கள், அந்த 'மூணாவது' மட்டும் வேகத்தில் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. சங்கரநயினார் தொட்டான், சங்கரநயினார் தப்பினான் என்று வெறுமனே சொல்லிக்கொண்டு போனான்.

இடைவேளையில், குழாய் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த பாட்சா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அய்யாத்துரை அங்கே தன் மகன்தான் ஆட்டத்தையே தூக்கி நிறுத்துகிறான் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கருப்பட்டி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"பொரிகாரிதான் பாவம் தம்பி. எம் மவன் ஆடுதானா, எம் மவன் ஆடுதானான்னு ஒவ்வொருத்தன்கிட்டயா கேக்கா. எவனுக்கும் பதில் சொல்லத் தெரியல."

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அதுவரை எடுத்த பாயிண்டில் பாதி அவள் மகன் எடுத்தது. அதை ஊர் முழுக்கக் கூவி கருப்பட்டிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டாம் பாதியில் புளியங்குடிப் பையன்கள் கிடுகிடுவென்று ஏறி வந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சமம். நேரம் முடியப் போகிறது. நம் பக்கத்தில் மற்றவர்களெல்லாம் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்க, மூன்றாவது சங்கரநயினார் ஒருவன்தான் மிச்சம். எதிர்ப்பக்கம் பாடப் போவதற்காகக் குனிந்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் புளியங்குடிக் கூட்டத்திலிருந்து மல் ஜிப்பா போட்ட ஒருவர் எழுந்து மைக் மேஜைக்கு வந்தார். வெள்ளத்துரைதான். முகமெல்லாம் பூரிப்பு.

"தம்பி, அவன் எம் மவனாக்கும். வெள்ளத்துரை மவன்னு சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர், சொல்லேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவர் போட்ட சட்டம்தானே. ஜெயசிங் மேஜைக்கு அடியில் குற்றாலிங்கத்தின் காலை மிதித்தான். சொல் என்று மிதித்தானா, சொல்லாதே என்று மிதித்தானா, அவனுக்கே தெரியாது. பதினைந்து வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷன், மகன் ஜெயிக்கிற நேரத்தில் மட்டும் பங்குக்கு வந்து நிற்கிறானே என்று குற்றாலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை வாயோடு வைத்தான்.

"இப்ப பாடிப் போறது, பிச்சம்மாள் மகன் சங்கரநயினார்."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தாய் பேரைச் சொல்லி ஓர் ஆம்பிளையைக் கூப்பிடுவது அந்த ஊரில் சண்டையில் மட்டும்தான், அதுவும் கைகலப்புக்குக் கொஞ்சம் முன்னால். கோட்டருகே நின்ற சங்கரநயினார் சட்டென்று திரும்பி மேஜையைப் பார்த்தான். போச்சு, வெளியே போய்விடப் போகிறான், ஆட்டமும் போச்சு, சிநேகிதமும் போச்சு, மைக்கும் போச்சு என்று குற்றாலிங்கம் நினைத்தான்.

சங்கரநயினார் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"பிச்சம்மாள் மகன் பாடுறான். ஒருத்தனைத் தொட்டுட்டான். காலைப் பிடிச்சிட்டாங்க, மூணு பேரு மேல விழுந்துட்டாங்க. பாட்டு நிக்கல. இழுத்துக்கிட்டு வாரான், பிச்சம்மாள் மகன் மூணு பேரையும் இழுத்துக்கிட்டு வாரான். கை கோட்டுல பட்டுட்டு."

விசில் ஊதிவிட்டது. பாயிண்டைச் சொல்ல வேண்டிய ஜெயசிங் பாயிண்டை மறந்துவிட்டு ஜெயிச்சிட்டோம், ஜெயிச்சிட்டோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் அடங்கியபோது வெள்ளத்துரை மேஜைப் பக்கம் இல்லை. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

உடம்பெல்லாம் புழுதியோடு சங்கரநயினார் நேராக மைக் மேஜைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று குற்றாலிங்கம் எழுந்து நின்றான்.

"இன்னொரு மட்டம் சொல்லுலே," என்றான் அவன்.

குற்றாலிங்கம் சொன்னான். ஒரு தடவை இல்லை, தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமையை எந்த வெற்றிக் கப்பிலும் அளந்து ஊற்ற முடியாது.

சாயங்காலம் குற்றாலிங்கம் கடைத்தெரு வழியாகப் போனபோது பிச்சம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு சட்டிக் கடலை கருகிப்போனதாம். அதையும் ஊர்க்காரர்கள் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்களாம்.

"கல்யாணமாகி வந்த நாள்லயிருந்து இங்கன எல்லாருக்கும் நான் பொரிகாரிதான் மக்கா," என்றாள். "எம் பேரு எனக்கே மறந்துபோயிருந்துச்சு."

மறுநாள் காலை, பள்ளிக்கூட வாசலில் கணக்குப்பிள்ளை மகனும் கருப்பட்டிக் கடை மகனும் குற்றாலிங்கத்துக்காகக் காத்து நின்றார்கள். இரண்டு பேர் வீட்டிலும் ராத்திரி பெரிய ரகளையாம். அடுத்த ஆட்டத்தில் தங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அம்மாக்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.